திருவாதிரையும் ஏழு பேரும்

எங்கள் விருதுநகரில் மாசி பிறந்ததுமே கோடை எட்டிப் பார்த்துவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடிதான் எங்களுக்குக் கூடம், படுக்கையறை எல்லாம். போன மாசியில் ஒரு சனிக்கிழமை என் தம்பி சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்துடன் வந்து சேர்ந்தான். அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் அவனுக்கு மேற்பார்வை உத்தியோகம். (ஆலையின் பெயர் வேண்டாம். அவனுக்கு மாதாமாதம் சம்பளம் வர வேண்டுமே!)

சில நாட்களாக அவனுக்கு வான சாஸ்திரப் பைத்தியம். பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அக்கா, அதோ சிவப்பா மினுங்குதே, அதுதான் திருவாதிரை. இப்ப நாம பார்க்கிற வெளிச்சம் அங்கேயிருந்து புறப்பட்டுப் பல நூறு வருஷமாச்சு" என்றான்.

நானோ வேறு கவலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் மூத்த பெண் அதே ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அவள் கை நிறைய அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சோடு வருவாள். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் மினுக்கம் போகாது. அவள்தான் மூன்று வாரத்துக்கு முன் பேச்சுவாக்கில், "எங்க ரூமிலே ஏழு பேர் உட்காருறோம் அக்கா, காலை நீட்ட முடியலை" என்றாள். மூன்று வாரமாக அதை மனசில் வைத்துக்கொண்டு, தம்பியிடம் கேட்கலாமா வேண்டாமா என்று நாள் கடத்தியவள் நான். இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

"ரூமுக்கு நாலு பேர்தானேடா கணக்கு?" என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கையை வானத்தின் பக்கம் வீசினான். "நம்ம பால்வீதியிலே மட்டும் பத்தாயிரம் கோடி நட்சத்திரத்துக்கு மேலே இருக்கு. இதிலே பூமியே ஒரு தூசி. அதிலே சாத்தூர், அதிலே ஒரு ரூம், அதிலே நாலு பேரா ஏழு பேரா! யாருக்குக்கா கணக்கு?"

கேட்பதற்கு எவ்வளவு பெரிய ஞானம்! எனக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிரபஞ்சமே பொறுப்பை ஏற்றுக்கொண்டால் எனக்கென்ன?

ஆனால் சேவு மெல்லும்போது ஒன்று ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு இவனுக்கு போனஸில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்தபோது, இதே மாடியில் பாதி ராத்திரி வரை புலம்பினானே! அன்றைக்கும் திருவாதிரை அங்கேதான் இருந்தது. பால்வீதியும் சுருங்கிவிடவில்லை. அந்த இரண்டாயிரம் மட்டும் எப்படித் தூசி ஆகாமல் போயிற்று? அற்பம் என்றால் எல்லாமே அற்பமாக இருக்கட்டும்: ஆலையின் லாபமும், என் தம்பியின் உத்தியோகமும், அதைப் போய்க் கேட்கக் கூசிய என் மரியாதையும். அடுத்தவளின் உயிர் மட்டும் அற்பமாகிறதென்றால் அது வான சாஸ்திரமா?

இதைச் சொன்னேன். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சிரித்தான்.

நான் விடவில்லை. பட்டாசில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குத் தாமிரம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். வெளிச்சத்தை அப்படி நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்துத்தான் நட்சத்திரங்களில் என்ன இருக்கிறது என்று கண்டார்களாம். 1868 ஆகஸ்ட் 18-ல் குண்டூர்ப் பக்கம் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது ஒரு மஞ்சள் கோடு அகப்பட்டது. பின்னால் அதுவே ஹீலியம் ஆயிற்று. மயிரிழை போன்ற கோடுதானே என்று அவர்கள் தூக்கிப் போட்டிருந்தால்?

நம் கணியன் பூங்குன்றனாரைப் பாருங்கள். கணியன் என்றால் வானத்தைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கிறவன். மனித உயிர் ஆற்றோடு போகும் தெப்பம் என்று அவரும்தான் கண்டார். அதனால் பெரியவர்களைக் கண்டு மலைக்க வேண்டாம், சிறியவர்களை இளப்பமாக நினைப்பது அதைவிடக் கூடாது என்றல்லவா முடித்தார்!

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டான். வெகு நேரம் கழித்து, "முதலிப்பட்டி ஞாபகம் இருக்கா?" என்றான்.

மறக்குமா? 2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் நடந்த அந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்களும் பலர். முதல் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு, கை கொடுக்க வந்தவர்களும் உண்டு. அப்புறம் 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். அதுவும் மாசி பிறக்கப் போகிற சமயம்தான்.

"சொல்லிப் பார்க்கிறேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சொன்னானாம். மானேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். ஆனாலும் அந்த ரூமிலிருந்து மூன்று பெண்களை வெளியே எடுத்தார்கள். வேறு ரூம் காலியாகும் வரை நான்கு நாள் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூவரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவளின் பெண்ணும் ஒருத்தி!

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான்கு நாள் கூலி என்பது அவர்களுக்குக் குழுக் கடன் தவணை. நான் கொடுக்கப் போனேன். "வேணாங்கக்கா" என்று தாய்க்காரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அப்புறம் பத்து நாள் பேச்சே இல்லை. பாத்திரங்கள்தான் பேசின, கொஞ்சம் பலமாகவே.

தம்பி தினமும் காலையில் ரூம் ரூமாகத் தலை எண்ணுகிறானாம். அந்தப் பெண்ணுக்கு இப்போது வேறு ரூம், நாலாவது ஆள். காலை நீட்டி உட்கார இடம் இருக்கிறது என்றாள். தாய்க்காரி நேற்றுத்தான் சமையலறை வாசலில் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "காப்பித் தூள் தீர்ந்து போச்சுக்கா" என்றாள்.