விடியலில் ஒரு தூண்டில்

பாலக்காடு மாவட்டத்தின் கொல்லங்கோடு, சித்தூர் வட்டாரத்தில் வயலோரக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் மனசை ஆற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அங்கே தூண்டிலும் மண்புழுவும் போதும்.

விடிவதற்குள் போவதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் குளத்து நீரில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். விடியலில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வருகின்றன. காற்றைச் சுவாசிக்கும் விரால், மலையாளத்தில் வரால், குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

சிக்கலும் அங்கேதான். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் காவல் நிற்கும் தாய் தந்தை விரால்களும் சுலபமாக மாட்டுகின்றன. அவை போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான்.

புதுமழையில் முட்டையிட வயலேறும் மீன்களைப் பிடிக்கும் 'ஊத்தபிடித்தம்' கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். குளத்து விராலுக்கோ தூண்டில்காரரின் மனசாட்சியே காவல். செந்நிறக் குஞ்சுகள் தென்பட்டால் நரம்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த குளத்துக்கு நடப்பதே அடுத்த ஆண்டும் மீன் கிடைக்க வழி.