வேலை என்னும் சொல்

ஆய்வுக்கூடத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களை நாம் இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிடுகிறோம். விரும்புகிறவர்கள் தியாகம் என்பார்கள். விரும்பாதவர்கள் தோல்வி என்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: அது உயரத்திலிருந்து கீழே இறங்குவது. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம், என் சித்தி மகள்.

வேதியியலில் பட்டம் பெற்று, உயிர்வேதியியலில் முனைவரானவள் அவள். தசைப் புரதங்கள் அவளது ஆய்வுக்களம். பட்டத்துக்குப் பின் ஏழாண்டுகள் ஒப்பந்த ஊதியம். ஒரு திட்டம் முடியுமுன் அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம். முப்பத்தெட்டாம் வயதில் அதை நிறுத்திவிட்டு பி.எட். சேர்ந்தாள். 2015 முதல் அது ஈராண்டுப் படிப்பு. முனைவர் பட்டம் இருந்தாலும் அதில்லாமல் பள்ளி ஆசிரியராக முடியாது. "டாக்டர்னு பேர் வாங்கிட்டு, அங்கே போய் சாக்பீஸ் பிடிக்கப் போறியாடி?" என்று சித்தி அழுதார். சித்தப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. இப்போது வடசென்னையில், அரசு உதவி பெறும் பள்ளியொன்றில், தமிழ்வழி மாணவர்களுக்கு அறிவியல் ஆசிரியை.

ஒருநாள் இரவு தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணா, 'வேலை'க்கு வேறு தமிழ்ச்சொல் இருக்கிறதா?"

நடந்தது இது. இயற்பியலில் வேலை என்பது, விசையும் அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவும் சேர்ந்த பெருக்கல். பொருள் நகராவிட்டால் வேலை சுழியம். இதைச் சொல்லி முடித்தவுடன் கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்திருக்கிறான். துறைமுகத்தை ஒட்டிய கிடங்கொன்றில் சுமை தூக்குபவரின் மகன். "டீச்சர், லாரி வர்ற வரைக்கும் எங்கப்பா மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டே நிப்பாரு. அப்போ அவரு வேலை செய்யலையா?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

நான் பணி, வினை, தொழில் என்று அடுக்கிப் பார்த்தேன். எந்தச் சொல்லை வைத்தாலும் அந்தப் பையனின் கேள்வி அப்படியே நிற்கும் என்பது இருவருக்கும் சற்று நேரத்தில் புரிந்தது. பாடநூல் ஒரு சொல்லைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் பொருளைச் சுருக்கி, சுருக்கிய செய்தியைத் தெருவுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கலைச்சொல்லாக்கத்தில் நாம் சொற்களைப் பற்றியே வாதிட்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் பவர் எனப்படுவது தமிழ்நாட்டுப் பாடநூலில் திறன். இலங்கைப் பாடநூலில் வலு. எது சிறந்தது என்று கருத்தரங்குகள் நடத்தலாம். அந்தச் சொல் ஒரு சிறுவனின் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்க, வகுப்பறையில் நிற்கும் ஒருவர் வேண்டும்.

மறுநாள் அவள் விடையைச் சொல்லவில்லை. நீர் நிரம்பிய புட்டிகளைக் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்திருக்கச் சொன்னாள். ஒவ்வொருவர் தாக்குப்பிடித்த நேரமும் கரும்பலகையில் ஏறியது. கைகள் நடுங்கத் தொடங்கின. புட்டி நகரவில்லை; ஆனால் ஏதோ செலவாகிறது. எது? அதன்பிறகே தன் பழைய ஆய்வுக்களத்தைத் திறந்தாள். அசையாமல் சுமந்து நிற்கும் தசைக்குள் மயோசின் என்னும் புரதம் ஆக்டின் இழைகளைப் பற்றுகிறது, இழுக்கிறது, விடுகிறது, மீண்டும் பற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி மூலக்கூறு செலவாகிறது. அந்த ஆற்றல் இறுதியில் வெப்பமாகிறது. மூட்டையின்மேல் செய்யப்பட்ட வேலை சுழியம். அப்பாவின் உடலுக்குள் ஓய்வே இல்லை. சூத்திரமும் பிழையில்லை, பையனும் பிழையில்லை.

இப்படி ஒரு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்களின் முயற்சியால் 1974இல் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் வி. ஜி. குல்கர்ணி ஓர் இயற்பியலாளர். நானா சௌக் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில்தான் அந்த மையம் முதலில் இயங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடையே அவர்கள் ஆராய்ந்தவற்றுள் முக்கியமான ஒன்று, பாடநூலின் மொழி அறிவியல் கற்றலுக்கு எவ்வளவு தடையாகிறது என்பது. கருவிகளோடு வந்த இயற்பியலாளர்கள் கடைசியில் மொழியின் வாசலில் வந்து நின்றார்கள். தமிழ் கற்பிக்கும் எனக்கு இது பெருமையல்ல, பொறுப்பு.

அமெரிக்காவின் லியோன் லெடர்மன் 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். சிகாகோ நகரப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணிதத்திலும் அறிவியலிலும் பயிற்சியளிக்க 1990இல் ஓர் அமைப்பு உருவாக முன்னின்றார். அவரை யாரும் கீழே இறங்கியவர் என்று சொல்லவில்லை. பரிசு பெறாதவர்கள் அதே பாதையில் போனால்தான் நமக்குச் சொற்கள் மாறிவிடுகின்றன.

இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாதியில் நின்ற கட்டுரை ஒன்று அவள் கணினியில் இருக்கிறது; அதை வேறு யாரேனும் எழுதி முடித்துவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வகுப்பில் ஐம்பது பேர். விடைத்தாள், பதிவேடு, தேர்ச்சி விழுக்காடு குறித்த கூட்டங்கள். புட்டிகளைத் தூக்கி நின்ற அந்த நாளில் பாடத்திட்டம் இரண்டு பாடவேளை பின்தங்கியது. அதற்குத் தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் ஆய்வாளர் ஒருவர் பள்ளிக்குக் கொண்டுவருவது கூடுதல் தகவல் அன்று. தகவல் நூலிலேயே இருக்கிறது. கொள்கையோடு பொருந்தாத ஓர் அவதானிப்பு வரும்போது அதைத் தள்ளிவிடாமல் குறித்துக்கொள்வது ஆய்வுக்கூடத்தின் ஒழுக்கம். கடைசி வரிசைக் கேள்வியை அவள் அப்படித்தான் குறித்துக்கொண்டாள். அவள் செய்யும் தொழில் மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அது நடக்கும் கூடம்தான் மாறியிருக்கிறது.