டிப்ளமோ முடித்தால் பாராமெடிக் ஆகலாமா?



மகளைப் பாராமெடிக் படிப்புக்கு நான் இருக்கும் மெல்போர்னுக்கு அனுப்ப நினைக்கும் மதுரை வாசகர் ஒருவர், ஏஜென்ட் சொன்னதை எழுதிக் கேட்டிருக்கிறார்: “முதலில் டிப்ளமோவாம். அதை முடித்ததும் நேராகப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டாம். நம்பலாமா சார்?” பாதி நம்பலாம். மீதிப் பாதியில்தான் காசும் காலமும் கரையும். இந்த மடல் அவருக்கும், அவரைப் போல யோசிப்பவர்களுக்கும்.

ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் 1 முதல், பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வந்து அவசரச் சிகிச்சை தருபவர்) என்பது மருத்துவர், செவிலியர் போலப் பதிவு பெற வேண்டிய தொழில். பாராமெடிசின் வாரியத்தில் பதிந்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மற்றவர் போட்டுக்கொண்டால் அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. முன்பெல்லாம் நிலைமை வேறு. ஆம்புலன்ஸ் சேவைகளே ஆளை எடுத்துப் பயிற்சி கொடுக்கும். அப்படி வண்டியில் ஏறி, பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கே நிறையப் பேர். 1990களில் பட்டப்படிப்பு மெல்ல நுழைந்தது. பதிவு முறை வந்தபோது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு மூன்று வருட இடைக்காலச் சலுகை கொடுத்தார்கள். அதுவும் 2021ல் முடிந்துவிட்டது. இன்று புதிதாக வருகிறவர் வாரியம் அங்கீகரித்த பட்டப்படிப்பை முடித்தாக வேண்டும். பெரும்பாலும் அது மூன்று வருடம்.

அப்படியானால் டிப்ளமோ எதற்கு? ‘டிப்ளமோ ஆஃப் எமர்ஜென்சி ஹெல்த் கேர்’ என்பது இப்போது அதன் பெயர். முன்பு ‘பாராமெடிக்கல் சயின்ஸ்’ என்றிருந்தது. சிலர் இன்னும் அந்தப் பழைய பெயரைச் சொல்லியே ஆள் பிடிக்கிறார்கள். டேஃப் என்னும் அரசுத் தொழிற்கல்லூரிகளும் தனியார் பயிற்சி நிறுவனங்களும் இந்த மாதிரிப் படிப்புகளை நடத்துகின்றன. இந்நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் டிப்ளமோ ஐந்தாம் படி, இளநிலைப் பட்டம் ஏழாம் படி.

ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவுவது எப்படி என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். நமக்குப் பாலிடெக்னிக் கணக்கு மனதில் பதிந்திருக்கிறது. மூன்று வருட டிப்ளமோ முடித்தால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. அது அரசு வகுத்த விதி, எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். இங்கே அப்படி ஒரே விதி கிடையாது. தேசியத் தகுதிச் சட்டகம் ஒரு வழிகாட்டுதல் தருகிறது: அதே துறை டிப்ளமோவுக்கு, மூன்று வருடப் பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்வதைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக வைக்கலாம். ஏஜென்ட் சொல்லும் ‘இரண்டாம் ஆண்டு’ பிறப்பது இங்கிருந்துதான். ஆனால் அது கட்டாயமல்ல. எத்தனை பாடத்தைக் கழிப்பது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். இரண்டு மூன்று பாடம் மட்டும் கழித்துவிட்டு, ‘இந்தப் பாடம் முடித்தால்தான் அடுத்தது’ என்ற வரிசையைக் காட்டினால், பாடம் குறையும், வருடம் குறையாது.

ஆகவே டிப்ளமோவால் கிடைக்கும் முதல் லாபம் இடம்தான், காலம் அல்ல. பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களை இங்கே ஏடார் என்ற தர வரிசை எண்ணை வைத்து எடை போடுகிறார்கள். அதில் கோட்டை விட்டவருக்கும், முப்பது வயதில் வேறு வேலையை விட்டு வருபவருக்கும், முடித்த டிப்ளமோவே சேர்க்கைத் தகுதியாக எண்ணப்படலாம். விக்டோரியா பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்களில் டேஃபும் பல்கலைக்கழகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் இந்த ஏற்றப்பாதை தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது லாபம் அனுபவம். டிப்ளமோக்காரர்கள் அவசரமில்லா நோயாளிப் போக்குவரத்தில் வேலைக்குச் சேரலாம். டயாலிசிஸுக்கு வரும் பெரியவரை ஏற்றி இறக்குவது, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளியை மாற்றுவது போன்ற பணிகள். விக்டோரியா மாநிலத்தில் இதற்கென்றே 2003ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். விளையாட்டு, இசை விழாக்களின் முதலுதவிக் கூடாரங்களிலும் சுரங்கங்களிலும்கூட இவர்களுக்கு வேலை உண்டு. இரவு ஷிஃப்ட், வாந்தி, ரத்தம், முதுகு வலி எல்லாம் நமக்கு ஒத்துவருமா என்று மூன்று வருடக் கட்டணம் கட்டுமுன் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல.

இந்த வழியில் போன ஒரு தமிழ்ப் பையனை எனக்குத் தெரியும். “குறுகலான மாடிப்படியில் பாட்டியை இறக்குவது எனக்குக் கஷ்டமே இல்லை அண்ணா. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மேற்கோளோடு மூவாயிரம் சொல் எழுது என்றார்கள் பாருங்கள், அங்கேதான் முழி பிதுங்கியது” என்றான். டிப்ளமோ கையைப் பழக்குகிறது: சி.பி.ஆர்., ஆக்சிஜன், எலும்பு முறிவுக்குக் கட்டு, நோயாளியைத் தூக்கும் முறை. பல்கலைக்கழகமோ உடலியங்கியல், மருந்தியல், ஈ.சி.ஜி. என்று ‘ஏன்’ என்பதைத் துருவுகிறது. கழித்துக்கொண்ட பாடங்களால் அடித்தளம் பலவீனமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது மாணவர் பொறுப்பு. உயிரியல் வராதவருக்கு இரண்டாம் ஆண்டுச் சலுகை வரமல்ல, சாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கினால் வேலை நிச்சயம் என்பதில்லை. இங்கே பெரும்பாலான மாநிலங்களில் அவசர ஆம்புலன்ஸ் சேவை அரசின் கையில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வடக்குப் பிரதேசத்திலும் செயின்ட் ஜான் நடத்துகிறது. ஆக, மாநிலத்துக்கு ஒரே பெரிய முதலாளிதான். பட்டதாரிகள் வேலையிடங்களைவிட வேகமாகப் பெருகியதால், 2014ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை இங்கே வந்து ஆள் எடுத்துப் போனது.

மதுரை நண்பரே, பணம் கட்டுமுன் மூன்று காரியம் செய்யுங்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க உரிமை தரும் கிரைகோஸ் பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டப்படிப்பு பாராமெடிசின் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். எந்தெந்தப் பாடம் கழியும், மொத்தம் எத்தனை வருடம் ஆகும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுதி வாங்குங்கள். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி எழுத்தில் சேராது.

அந்தக் கடிதம் கைக்கு வந்தால் டிப்ளமோ நல்ல வழிதான், தயங்காமல் அனுப்புங்கள். வரவில்லையென்றால், மகள் நேராகப் பட்டப்படிப்புக்கே விண்ணப்பிக்கட்டும்.