பூச்செடிகளின் ஊரும் ஒரு ஜப்பான் நடிகையும்

தீபாவளிக்கு வீட்டு வாசலில் வைக்க நாலு பூச்செடி வேண்டும். எங்கே போவீர்கள்? கிள்ளானில் கேட்டாலும் பிரிக்பீல்ட்ஸில் கேட்டாலும், "சுங்கை பூலோவுக்குப் போங்கள்" என்றுதான் சொல்வார்கள். அங்கே சாலையோரம் முழுவதும் காகிதப்பூவும் செம்பருத்தியும் சட்டி சட்டியாக நிற்கும். பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தத் தோட்டங்களை முதலில் போட்ட கைகள் யாருடையவை என்று கேட்டதுண்டா?

தொழுநோயாளிகளின் கைகள் அவை, வாசகர்களே!

1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவரை வீட்டைவிட்டுப் பிரித்து வைக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சிறைச்சாலை எல்லாம் உள்ளேயே இருந்தன. அவர்களுக்கென்று தனிப் பணம்கூட அச்சிட்டார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து போனவர்களும் அங்கே உண்டு. குணமான பிறகும் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அதனால் மண்ணைக் கொத்திப் பூச்செடி வளர்த்துப் பிழைத்தார்கள்.

இதே துயரத்தை ஜப்பானிய நடிகை ஒருவர் திரையில் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர் பெயர் கிரின் கிகி. 1943-இல் தோக்கியோவில் பிறந்தவர். 1961-இல் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார். 1974-இல் ஒரு குடும்பத் தொடரில் அவருக்குப் பாட்டி வேடம். அப்போது அவருக்கு வயது 31 தான்! மகனாக நடித்தவரோ அவரைவிடப் பத்து வயது மூத்தவர். இளமையும் அழகும்தான் நடிகைக்கு மூலதனம் என்று நினைக்கும் உலகில், கிழவி வேடத்தாலேயே அவர் வீட்டுக்கு வீடு புகழ் பெற்றார். குறும்புக்காரரும்கூட. 1977-இல் விற்க வேறு பொருள் இல்லையென்று தொலைக்காட்சியில் தம் பெயரையே ஏலம் விட்டு, இந்தப் புதுப் பெயரை வைத்துக்கொண்டார்.

2003-இல் ஒரு கண் பார்வை போயிற்று. 2005-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. நோய் உடம்பெங்கும் பரவிவிட்டதென்று 2013-இல் அவரே மேடையில் சொன்னார். ஆனாலும் நடிப்பை விடவில்லை. 2015-இல் வந்தது 'ஆன்' என்ற படம். 'ஆன்' என்றால் பயற்றுப் பூரணம். படத்தின் மூலக் கதையை எழுதியவரின் புனைபெயர் என்ன தெரியுமா? டுரியான்!

கதை இதுதான். சின்ன இனிப்புக் கடை ஒன்றுக்கு, விரல்கள் கோணிய மூதாட்டி வேலை கேட்டு வருகிறாள். கடைக்காரன் மறுக்கிறான். அவள் கிண்டிய பூரணத்தைத் தின்று பார்த்த பிறகு சேர்த்துக்கொள்கிறான். வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. அவள் தொழுநோய் இல்லத்தில் வாழ்பவள் என்ற செய்தி பரவியதும் ஒருவர்கூட வரவில்லை. அவளோ என்றோ குணமானவள்! பிள்ளை பெறவும் அவளை விடவில்லை. அந்த இல்லத்தில் இறந்தவருக்குக் கல்லறை இல்லை. அதற்குப் பதில் ஒரு மரம் நடுவார்கள். அவளுக்காகவும் ஒரு கன்று நடுகிறார்கள்.

ஜப்பானில் நோயாளிகளை அடைத்து வைத்த சட்டம் 1996-இல்தான் நீங்கியது. கிகி 2018 செப்டம்பரில், தம் 75-ஆம் வயதில் காலமானார்.

தொழுநோய் எளிதில் தொற்றுவதில்லை. மருந்து உண்டால் முழுவதும் குணமாகும். 1980-களிலிருந்தே கூட்டு மருந்து இருக்கிறது. உடம்பைவிட்டு நோய் போய்விடுகிறது. ஊராரின் மனத்தைவிட்டுத்தான் போகமாட்டேன் என்கிறது.

அடுத்த முறை சுங்கை பூலோவில் செடி வாங்கும்போது, சட்டியை நீட்டும் கை கோணலாக இருக்கக் கண்டால், காசை மேசைமேல் வைத்துவிட்டு நகராதீர்கள். அந்தக் கையிலேயே கொடுங்கள். உங்கள் குடும்பத்திலும் அங்கே போனபின் யாரும் பெயர் சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு பாட்டனோ அத்தையோ இருந்தால், இந்தத் தீபாவளிப் படையலில் அவர் பெயரையும் சொல்லி, ஓர் இலை போடுங்கள்.