இடம் மாறிய வைப்பு

நம் கல்லூரியினின்றும் வெளியேறுவோருட் பலர் நாளடைவில் மாதச் சம்பளம் பெறுவர். ஆதலின், சம்பளச் சீட்டிற் காணும் ஒரு சிறு கணக்கைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன். தமிழ் பயில்வோனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்தது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் தொழிலாளி நூற்றுக்கு 12 செலுத்த, முதலாளியும் அவ்வளவே செலுத்துவார். 1995 நவம்பர் 16-இல் ஓய்வூதியத் திட்டம் தோன்றியபின், முதலாளி தரும் 12-இல் 8.33 அத்திட்டத்திற்குப் பிரிக்கப்படலாயிற்று.

2014 செப்டம்பர் 1-இல் சம்பள வரம்பு 6,500 ரூபாயினின்றும் 15,000 ஆயிற்று. அன்றே வேறொரு விதியும் வந்தது. அந்நாள் முதலாகப் புதிதாய் வைப்பு நிதியிற் சேர்வோர், சேரும்பொழுதே வரம்பிற்கு மேற் பெறுவாராயின், ஓய்வூதியத் திட்டத்தில் இடம் பெறார். முதலாளி தரும் 12-உம் வைப்பு நிதிக்கே செல்லவேண்டும். முன்னரே உறுப்பினராயிருந்து பின்னர்ச் சம்பளம் உயரப்பெற்றாரை இவ்விதி தீண்டாது. சேர்ந்த நாளின் சம்பளமே உரைகல். கணக்கெழுதுவோர் சிலர் இவ்வேறுபாட்டை நோக்காது, யாவர்க்கும் ஒன்றுபோற் பிரித்துவிடுகின்றனர்.

என் சிற்றப்பா பீளமேட்டில் லேத் பட்டறை நடத்தியவர். ஆர்டர் குறைந்தமையால் அதனை மூடிவிட்டு, 2016 ஏப்ரலில் ஒரு பம்பு ஆலையில் மேற்பார்வையாளராய்ச் சேர்ந்தார். அடிப்படையும் பஞ்சப்படியும் 18,000 ரூபாய். எனினும் மாதந்தோறும் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்கிற்குச் சென்றது. 2024 மார்ச்சு முடிய 96 மாதம், தொகை 1,20,000. வைப்பு நிதியில் அவ்வாண்டுகளில் வட்டி நூற்றுக்கு 8.1-க்குக் குறைந்ததில்லை. ஓய்வூதியப் பத்தியிலோ வட்டியென ஒரு காசும் ஏறவில்லை.

பாஸ்புத்தகத்தைப் படித்துக் காட்டியபொழுது, "அது பென்சனுக்குப் போற காசு கண்ணு, வயசான காலத்துக்கு ஆகும்," என்றார். உறுப்பினராதற்கு உரிமையில்லார்க்கு ஓய்வூதியம் ஏது? அதனை அவர்க்கு விளக்கியதே எனக்குப் பெரும்பாடாயிற்று. எட்டாண்டாய் நம்பியிருந்ததை ஒரு மாலைப் பொழுதில் இல்லையென்பது எளிதன்று.

இலக்கணத்தில் வழுவுக்கு அமைதி கூறித் தப்பலாம். கணக்கு வழுவைத் திருத்தியே ஆகவேண்டும், திருத்தவும் வழியுண்டு. மாதவாரிக் கணக்கோடு முதலாளி வைப்பு நிதி அலுவலகத்திற்கு எழுதவேண்டும். அவர்கள் வட்டியும் கணக்கிட்டு, ஓய்வூதியக் கணக்கினின்றும் வைப்பு நிதிக்கு மாற்றுவர். இடர் யாதெனின், பிழை செய்தார் கைப்படவே திருத்தமும் தொடங்கவேண்டியிருத்தல். ஆலைகள் மூடப்படுவது கொங்கு நாட்டார் காணாததன்று. கையொப்பமிடுவார் உள்ளபொழுதே கேட்டுவிடல் வேண்டும்.

பழைய ஆலையார் மும்முறை "பார்க்கலாம்" என்றனர். நான்காம் முறை சிற்றப்பா சம்பளச் சீட்டுகளை ஆண்டுவாரியாய் அடுக்கி, நூலாற் கட்டி எடுத்துச் சென்றார். சென்ற மாதம் கடிதம் கோவை அலுவலகத்திற்குப் போயிற்று. தொகை இன்னும் பழைய பத்தியிலேயே நிற்கின்றது. அவர் வாரந்தோறும் ஞாயிறு மாலையில் என்னைப் பார்க்கச் சொல்கின்றார்.