எந்த ஒயரைப் பிடுங்கினா எல்லாம் நிக்கும்?

நெட்வொர்க்ஸ் பேப்பரில் விலேன் என்பது டூ மார்க் கேள்வி. "ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது" என்று எழுதினால் மார்க் வந்துவிடும். அது எதுக்குன்னு எனக்குப் புரிந்தது, போன செமஸ்டர் லீவில் காலேஜ் சர்வர் ரூமில் அட்மின் அண்ணாவுக்குக் கூடமாட வேலை செய்த மூன்று வாரத்தில்தான்.

ஹாஸ்டல், லேப், ஆபீஸ் மூன்றுக்கும் ஒரே ஸ்விட்ச்சுகள்தான். ஆனால் ஹாஸ்டலில் ஒரு லேப்டாப் அனுப்பும் பிராட்காஸ்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை போகாது. டிரங்க் போர்ட்டில் கிளம்பும் ஃபிரேம்களில் பொதுவாக 4 பைட் டேக் ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் விலேன் நம்பருக்கு. மொத்தம் 4096 நம்பர்கள். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்கு 4094.

அடுத்து ஸ்டாக். எங்கள் ரேக்கில் மூன்று ஸ்விட்ச். பின்பக்கம் குட்டையான தடித்த கேபிள்கள்: ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து மறுபடி ஒன்று. லாகின் பண்ணினால் மூன்றும் ஒரே ஸ்விட்ச்சாகத்தான் தெரியும். ஒன்று மாஸ்டர், அது செத்தால் இன்னொன்று பொறுப்பேற்கும். வளையத்தில் ஒரு கேபிள் போனாலும் டேட்டா எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்விடும்.

"சும்மா ரெண்டு ரெண்டு ஒயரா போட்டா போதாதா அண்ணா?" என்று கேட்டேன். போதாது. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் உண்டு, ஈத்தர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட் சுற்றிக்கொண்டே பெருகி நெட்வொர்க்கையே படுக்க வைத்துவிடும். இதற்காகத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கினார். அது லூப் வராமல் ஒரு பாதையை அடைத்து வைக்கும். மெயின் பாதை போனால் திறக்கும். பழைய வடிவத்தில் அதற்கு 30 முதல் 50 நொடி ஆகும். எல்ஏசிபி வேறு வழி: இரண்டு கேபிளையும் ஒரே லிங்க்காகக் கட்டிவிடும், இரண்டுமே வேலை செய்யும்.

எங்கள் டயகிராமில் இதெல்லாம் இருந்தது. சீனியர்களின் ஆன்லைன் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு நாலு நாள் முன்னால் அண்ணா கேட்டார்: "இதுல எதைப் பிடுங்கினா எல்லாம் நிக்கும், சொல்லு?" ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே போனோம். அப்லிங்க் இரண்டும் முதல் ஸ்விட்ச்சிலேயே செருகியிருந்தன. மூன்றுக்கும் கரண்ட் ஒரே யூபிஎஸ்ஸிலிருந்து. முதல் ஸ்விட்ச் போனால் மற்ற இரண்டும் உயிரோடு இருந்தும் வெளியே போக வழியில்லை. நடு டெஸ்ட்டில் அது நடந்தால், ஒரு வருஷமாகத் தயாரான அக்கா அண்ணன்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒரு அப்லிங்க்கை மூன்றாவது ஸ்விட்ச்சுக்கு மாற்றினோம். அதன் பவரை வேறு யூபிஎஸ்ஸுக்கு. பிறகு அண்ணா முதல் ஸ்விட்ச்சை அணைத்தார். மூன்றாவது ஸ்விட்ச்சில் மாட்டிய லேப் கம்ப்யூட்டரில் பிங் ஓடிக்கொண்டிருந்தது. நாலு போச்சு, ஐந்தாவது வந்தது.

முழுசா தீர்ந்ததா? இல்லை. முதல் ஸ்விட்ச்சில் நேரடியாகச் செருகிய கம்ப்யூட்டர்களை எந்த ஸ்டாக்காலும் காப்பாற்ற முடியாது. அதனால் டெஸ்ட் சிஸ்டங்களை மூன்று ஸ்விட்ச்சிலும் பிரித்துப் போட்டோம். இரண்டு அப்லிங்க்கும் போய்ச் சேருவது இன்னமும் ஒரே கோர் ஸ்விட்ச்சில்தான். அதற்கு ஜோடி வாங்க பட்ஜெட் லெட்டர் போயிருக்கிறது.

அடுத்த புராஜெக்ட் ரிவ்யூவில் யாராவது "ரிடண்டன்சி இருக்கு சார்" என்றால், அண்ணா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் ஸ்லைடில் இருக்காது, ரேக்குக்குப் பின்னால்தான் இருக்கும்.