கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்... அந்த நாள்!

சஸ்பென்ஸ் படங்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் அதோடு சரி. முதல் காட்சி பார்த்துவிட்டு வருகிறவர், வரிசையில் நிற்பவரிடம் ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், மொத்த உழைப்பும் காலி! 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'அந்த நாள்' இதற்கு விதிவிலக்கு. முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் படம் இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

(இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்த பிறகு மிச்சத்தைப் படிக்கலாம். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது கஷ்டம்.)

படம் துவங்குவதே துப்பாக்கிச் சத்தத்தில்தான். 1943 அக்டோபர் 11, சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நாள். ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறான். அப்போதே நட்சத்திரமாகிவிட்ட சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே பிணம்! பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. பத்துப் பாட்டாவது இல்லாவிட்டால் படமே இல்லை என்றிருந்த காலம் அது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி எடுத்த எஸ்.பாலசந்தர் பெரிய வீணை வித்வான். படம் அன்று சரியாக ஓடவில்லை.

அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' (1950) படத்தின் தாக்கம் இது என்பார்கள். தாக்கம் உண்டு, ஆனால் காப்பி அல்ல. அங்கே நடந்தது என்ன என்பதே கடைசி வரை பிடிபடாது. இங்கே பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்புள்ள பெண் என்று ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் (வசனமும் அவரே) பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். கடைசியில் உண்மை வெளியே வருகிறது. கொன்றவள் மனைவி உஷா.

இரண்டாம் முறை பார்க்கும்போது கண் போக வேண்டிய இடம் பண்டரிபாயின் முகம். முதல் முறை கணவனை இழந்தவளின் துக்கமாகத் தெரிந்தது, இப்போது வேறொன்றாகத் தெரியும். அது நடிப்பா, பயமா? இரண்டும் இல்லை. நிஜமான துக்கம்தான். அவனை நேசித்தவளும் அவளே, துப்பாக்கியைப் பிடித்தவளும் அவளே.

ராஜனும் சாதாரண வில்லன் இல்லை. அவனுடைய கண்டுபிடிப்பை இங்கே யாரும் சீந்தவில்லை, ஜப்பான்காரன் மதித்தான். அந்தக் கசப்பு மெதுவாக அவனைத் துரோகம் வரைக்கும் கொண்டுபோகிறது. அதே 1954-ல் 'மனோகரா'வில் கர்ஜித்த சிவாஜி, இதில் அலட்சியமாக, அளந்து பேசுகிறார். திறமைக்கு மதிப்பில்லை என்று அவன் சொல்லும்போது, படித்துவிட்டு வேலை தேடி அலைகிற எந்த இளைஞனாலும் சட்டென்று மறுத்துப் பேச முடியாது. அவன் குறை நியாயமானது, அதற்கு அவன் தேடிய வழிதான் குண்டாக வந்து சொந்த ஊர் ஜனங்களின் தலைமேல் விழுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1943-ல் ஆட்சி வெள்ளைக்காரனுடையது. ராஜன் செத்துப் பத்தே நாளில், அக்டோபர் 21-ம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி ஜப்பானின் துணையோடு சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அப்படியானால் ராஜன் துரோகம் செய்தது யாருக்கு? படம் இந்தக் கேள்விக்குள் போகவில்லை. உஷாவைப் பொறுத்தவரை நாடு என்பது அரசாங்கம் அல்ல, தெருவில் நடமாடும் ஜனங்கள்.

பாலசந்தர் பிறகு 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) என்று இதே பாணியில் படங்கள் எடுத்தார். நன்றாகவே பயமுறுத்தும் படங்கள்தான். ஆனால் அவற்றில் கொலையாளி பிடிபட்டதும் மனசு லேசாகிவிடும். 'அந்த நாள்' முடியும்போது, பாவம் உஷா, என்ன செய்திருக்க வேண்டும் அவள் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும்.